பதிவேடு தொலைந்த பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு பாடசாலைக்குப் பொன்விழாவோ வைரவிழாவோ வந்தால் மலர்க்குழு கூடும். வாழ்த்துச் செய்திகளுக்கு நாற்பது பக்கம் போகும். "பாடசாலை வரலாறு" இரண்டு பக்கத்தில் முடியும், அதுவும் பெரும்பாலும் போன மலரில் வந்த அதே இரண்டு பக்கம். தொடக்க ஆண்டு ஒன்று, காணி கொடுத்தவர் பெயர் ஒன்று, அதிபர் பட்டியல் ஒன்று, பிறகு "நாட்டின் அசாதாரண சூழ்நிலை காரணமாக" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் 1996 முதல் 2010 வரை முழுவதும் அடங்கிவிடும். ஏன் என்று கேட்டால், "லொக் புக் எல்லாம் இடம்பெயர்வோட போட்டுது" என்பார்கள்.

போனது பாடசாலை அலுமாரியில் இருந்த பிரதி. பாடசாலை ஒன்று நடக்கும் காலமெல்லாம் அதன் வாசலால் தாள்கள் வெளியே போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை விலகினால் விடுகைப் பத்திரம், ஆசிரியர் மாறினால் இடமாற்றக் கடிதம், பரீட்சை முடிந்தால் சான்றிதழ், வருடாவருடம் திணைக்களத்துக்குத் தொகைமதிப்பு. அலுமாரி எரிந்தாலும் இவை வீடுகளிலும் கந்தோர்களிலும் கிடக்கின்றன. அவற்றைத் திரும்பச் சேர்க்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறோம்.

தொடங்கும் முன்

விழாவுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே தொடங்க வேண்டும். மூன்று மாதத்தில் செய்தால் பழைய மலரைத்தான் திரும்பத் தட்டச்சு செய்வீர்கள்.

ஐந்து பேர் போதும். இப்போது படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர், அலுவலகக் கோவைகளைத் திறக்க. இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், பழைய ஆட்களைத் தெரிந்திருக்க. ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் உரிமையோடு நிற்கக்கூடியவர் ஒருவர். பழைய ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்கக்கூடியவர் ஒருவர், ஏனென்றால் 1950களுக்கு முந்திய அரச ஆவணங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் உண்டு. கணினி தெரிந்த பழைய மாணவர் ஒருவர். பதினைந்து பேரைப் போட்டால் கூட்டம்தான் நடக்கும், வேலை நடக்காது.

ஒரு தடித்த சி.ஆர். கொப்பி வாங்கி, ஒவ்வொரு தகவலுக்கும் நான்கு நிரல் கீறுங்கள்: தகவல், அதைச் சொன்னவர் அல்லது காட்டிய தாள், அதை எடுத்த திகதி, எவ்வளவு நம்பலாம். நான்காவது நிரலுக்கு மூன்று எழுத்து போதும். தாளில் கண்டது "தா", இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னது "இ", ஒருவர் மட்டும் சொன்னது "ஒ". "ஒ" என்று இருப்பது மலரில் உறுதியான வசனமாக வரக்கூடாது. "என்று சொல்வர்" என்றே வரவேண்டும்.

தொடக்க ஆண்டு என்ற சண்டை

முதல் கூட்டத்திலேயே இந்தச் சண்டை வரும். ஒருவர் 1948 என்பார், ஒருவர் 1953 என்பார், போன மலரில் 1951 என்று இருக்கும். பெரும்பாலும் மூவரும் சரி. வன்னியில் ஒரு பாடசாலை ஒரே நாளில் தொடங்குவது குறைவு. கோயில் மடத்திலோ விதானையார் வீட்டுத் திண்ணையிலோ யாரோ ஒருவர் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த ஆண்டு ஒன்று. காணி ஒதுக்கிக் கொட்டில் போட்ட ஆண்டு இன்னொன்று. திணைக்களம் பதிந்து ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்த ஆண்டு மூன்றாவது. மிஷனோ சபையோ நடத்திய பாடசாலை என்றால் அரசு பொறுப்பேற்ற ஆண்டு நான்காவது. நான்கையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். விழா எதற்கு எடுப்பது என்பதைச் சங்கம் தீர்மானிக்கட்டும். வரலாற்றில் நான்கும் நிற்கவேண்டும்.

பின்னணியாகச் சில ஆண்டுகள் கையில் இருந்தால் பொய்யான திகதிகளை உடனே பிடிக்கலாம். பொதுப் போதனைத் திணைக்களம் 1869இல் உருவானது. அதையொட்டி வந்த உதவிநன்கொடை முறையில்தான் மிஷன் பாடசாலைகளும், பின்னர் சைவப் பாடசாலைகளும் அரச பணம் பெற்றன. இந்து போர்ட் என்று ஊரில் சொல்லும் சைவ வித்தியா விருத்திச் சங்கம் 1923இல் தொடங்கியது. ஆகவே "1910இல் இந்து போர்ட் ஆரம்பித்தது" என்று யாராவது எழுதித் தந்தால் அது தவறு. இலவசக் கல்வி 1945 ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து. மத்திய பாடசாலைகள் பரவலாக வந்ததும் 1940களில்தான். உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும்.

இவற்றோடு குளத்தையும் பாருங்கள். வன்னியில் பள்ளிக்கூடம் குளத்தின் பின்னால்தான் வரும். குளம் திருத்தி, காணி வெட்டிக் கொடுத்து, குடும்பங்கள் வந்து இரண்டு மூன்று போகம் செய்த பிறகே பிள்ளைகளுக்குக் கொட்டில் எழும்பும். கிளிநொச்சிக் குடியேற்றம் 1936இல் தொடங்கியது. அந்தத் திட்டத்து வாய்க்கால்கரைப் பாடசாலை ஒன்றுக்கு 1920 என்று யாரும் சொன்னால், அது வேறொரு பழைய கிராமத்துப் பள்ளியின் தொடர்ச்சியா என்று விசாரியுங்கள். குடியேற்றத் திட்டங்களின் காணிப்படத்தில் பாடசாலைக்கு ஒதுக்கிய துண்டு தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். பிரதேச செயலகக் காணிக் கிளையில் அந்தப் படத்தின் இலக்கமும் திகதியும் கிடைத்தால், "காணி தந்தவர் எங்கள் பாட்டனார்" என்று இரண்டு குடும்பங்கள் பிடிக்கும் சண்டையும் அங்கேயே முடியும்.

பழைய பெயரை வாசிப்பது

பெயர்ப்பலகை, றபர் முத்திரை, கடிதத் தலைப்பு இவற்றில் வரும் சுருக்கங்களே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். "அ.த.க. பாடசாலை" என்றால் அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை. "றோ.க.த.க." என்றால் றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன். அப்படி ஒரு முத்திரையைக் கண்டால் அந்தத் தாள் பொறுப்பேற்புக்கு முந்தியதாக இருக்கும், அல்லது பொறுப்பேற்ற பிறகும் பழைய பெயரையும் முத்திரையையும் வைத்திருப்பார்கள். இரண்டாவதும் அடிக்கடி நடக்கும், ஆகவே முத்திரையை மட்டும் வைத்து ஆண்டு போடாதீர்கள். பக்கத்தில் உள்ள கையெழுத்துத் திகதியையும் பாருங்கள். "சைவப்பிரகாச", "சைவ வித்தியாசாலை" என்றால் சைவ முகாமை. "ம.வி." (மகா வித்தியாலயம்), "ம.ம.வி." (மத்திய மகா வித்தியாலயம்) என்ற தரமுயர்வு எப்போது வந்தது என்பதற்குக் கடிதம் கிடைக்காவிட்டால், உயர்தர வகுப்பில் முதலாவது அணி எந்த ஆண்டு பரீட்சை எழுதியது என்று பாருங்கள்.

பிற்கால முத்திரைகள் இன்னும் வசதி. "வடக்கு கிழக்கு மாகாணம்" என்று இருந்தால் அந்த முத்திரை 1988க்கும் 2006க்கும் இடைப்பட்ட நிர்வாகத்தில் செய்தது. ஆங்கிலப் படிவத்தில் "சிலோன்" என்று அச்சாகியிருந்தால் படிவம் 1972 மே மாதத்துக்கு முன் அடித்தது. நிரப்பிய திகதி பிந்தியும் இருக்கலாம். கந்தோரில் பழைய படிவம் முடியும்வரை புதியது எடுக்கமாட்டார்கள்.

மாவட்டப் பெயரில்தான் பலர் வழுக்குவார்கள். முல்லைத்தீவு மாவட்டம் 1978இல் உருவானது, கிளிநொச்சி மாவட்டம் 1984இல். அதற்கு முந்திய ஆவணத்தைக் கிளிநொச்சி என்று தேடினால் கிடைக்காது. யாழ்ப்பாண மாவட்டத்தின் கீழ் பாருங்கள். முல்லைத்தீவுக்குப் பெரும்பாலும் வவுனியாவின் கீழ். இன்னும் பழையது என்றால் முள்ளியவளை, மேல்பற்று, கரிக்கட்டுமூலை என்று பற்று எனப்பட்ட பழைய நிர்வாகப் பிரிவின் பெயரில் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒரே மாதிரி இராது. ஒரே ஊரை மூன்று நான்கு விதமாக எழுதித் தேடுங்கள்.

விடுகைப் பத்திரத்திலிருந்து சேர்வு இடாப்பை மீட்பது

சேர்வு இடாப்பு என்பது பிள்ளைகள் சேர்ந்த ஒழுங்கில் இலக்கமிட்டு எழுதும் பதிவேடு. எல்லாவற்றிலும் பலன் தரும் வேலை இது. செய்பவர்கள்தான் குறைவு.

விடுகைப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், சேர்விலக்கம், சேர்ந்த திகதி, விலகிய திகதி, கடைசியாகப் படித்த வகுப்பு, தலைமையாசிரியரின் கையொப்பம், முத்திரை எல்லாம் உண்டு. பல பாடசாலை மாறிய பிள்ளையின் பத்திரத்தில் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒவ்வொரு வரி இருக்கும். இடம்பெயர்ந்த பிள்ளைகளின் பத்திரத்தில் ஆறு, ஏழு வரிகூட வரும். அந்த ஒரு தாளே ஒரு குடும்பம் நடந்த பாதை. வீடுகளில் காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரம் இருக்கும் அதே பொலித்தீன் பைக்குள் இதுவும் இருக்கும். எத்தனையோ பங்கருக்குள்ளால் அந்தப் பை தப்பி வந்திருக்கிறது.

ஐம்பது பத்திரமாவது சேருங்கள். அசலை வாங்காதீர்கள், வாசலிலேயே படம் எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். பிறகு சேர்விலக்கத்தின் ஒழுங்கில் கொப்பியில் அடுக்குங்கள். இப்படி ஒரு கணக்கை எடுத்துக்காட்டாகப் பாருங்கள். இலக்கம் 118 சேர்ந்தது 1958 தை, இலக்கம் 206 சேர்ந்தது 1960 தை, இலக்கம் 341 சேர்ந்தது 1963 தை. முதல் இரண்டு வருடத்தில் 88 பிள்ளைகள், அடுத்த மூன்று வருடத்தில் 135. வருடத்துக்கு ஏறக்குறைய 45 பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் "நான் 1960இல் சேர்ந்தேன், என் இலக்கம் 300" என்றால் அவர் இரண்டு வருடம் பிந்திச் சேர்ந்திருக்கவேண்டும். அவர் பொய் சொல்லவில்லை, ஞாபகம் நகர்ந்திருக்கிறது.

இதே கணக்கைப் பின்னோக்கி இழுத்து முதலாம் இலக்கத்தின் ஆண்டைக் கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். அங்கேதான் பிழை வரும். 118ஐ 45ஆல் பிரித்தால் இரண்டரை வருடத்துக்கு மேல், ஆகவே 1955 என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் ஒரு பாடசாலை திறக்கும் நாளில் ஊரிலுள்ள ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒன்றாகத்தான் வந்து நிற்பார்கள். முதல் கிழமையிலேயே எழுபது, எண்பது பெயர் விழுந்துவிடும். அப்படி 80 பேர் முதல் நாளில் சேர்ந்திருந்தால் மிச்சம் 38தான், ஒரு வருடத்துக்கும் குறைவு. தொடக்கம் 1957 என்றாகிறது. பின்னோக்கிய கணக்கு பெரும்பாலும் உண்மையைவிட முந்திய ஆண்டைத்தான் காட்டும். முதல் நூறு இலக்கங்களுக்குள் பத்திரம் ஒன்று இரண்டு கிடைக்கும்வரை ஆண்டைத் தீர்மானிக்காதீர்கள். முதல் நாளில் சேர்ந்தவர்களின் பிறந்த ஆண்டுகள் பரந்து கிடக்கும், பிறகு சேர்ந்தவர்களுடையது ஒடுங்கிவிடும். அந்த மாற்றமே திறந்த நாளைக் காட்டிக்கொடுக்கும்.

இலக்கம் திடீரென்று 1க்குத் திரும்பினால் காரணத்தைத் தேடுங்கள். இரண்டு பாடசாலைகளை ஒன்றாக்கியிருப்பார்கள், அல்லது ஆரம்பப் பிரிவைத் தனியாக்கியிருப்பார்கள், அல்லது மீள்குடியேறி வந்து புது இடாப்புத் திறந்திருப்பார்கள். இதே முறையால் ஆசிரியர்களையும் பிடிக்கலாம். பத்திரத்தின் கையொப்பங்களைத் திகதிப்படி அடுக்கினால் அதிபர் பட்டியலின் ஓட்டைகள் அடைபடும். பதில் அதிபராக மூன்று மாதம் இருந்தவர்களின் பெயர் வேறு எங்கும் இராது, இங்கேதான் இருக்கும்.

கந்தோர்களும் சபைகளும்

பாடசாலையில் தப்பிய சம்பவத்திரட்டுப் புத்தகம், அதாவது லொக் புக், இருந்தால் முதலில் அது. பரிசோதகர் வந்த நாள், புயலில் கூரை போன நாள், ஆசிரியர் கடமையேற்ற நாள் எல்லாம் அதில் ஒவ்வொரு வரியாக இருக்கும். இல்லையென்றால் வலயக் கல்விப் பணிமனை. அங்கே பழைய தொகைமதிப்புப் படிவங்களும் ஆசிரியர் இடமாற்றக் கோவைகளும் தேடவேண்டியவை. "பழைய பைல் எல்லாம் இல்லை" என்ற முதல் பதிலோடு திரும்பாதீர்கள். எந்தப் பாடசாலை, எந்த ஆண்டு, எந்தக் கோவை என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். விண்ணப்பத்தைக் கையளித்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஒரே கடிதத்தில் பத்து விடயம் கேட்டால் ஒன்றுக்கும் ஒழுங்கான பதில் வராது. ஒரு கடிதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

1960க்கு முந்தியது நடத்தியவர்களிடம் இருக்கும். கத்தோலிக்கப் பாடசாலை என்றால் பங்குமனையில் விசாரியுங்கள். மன்னார் மறைமாவட்டம் 1981இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது, மன்னாரும் வவுனியாவும் அதற்குள். முல்லைத்தீவும் கிளிநொச்சியும் இன்றும் யாழ்ப்பாண மறைமாவட்டத்தில். ஆகவே வவுனியாப் பாடசாலைக்குக்கூட 1981க்கு முந்திய கடிதங்களை யாழ்ப்பாண ஆயர் இல்லத்தில்தான் கேட்கவேண்டும். மெதடிஸ்த பாடசாலைக்கு அந்தந்தத் திருச்சபைச் சேகரம். சைவப் பாடசாலைக்கு, முகாமையாளராக இருந்தவரின் குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள். "மனேச்சர்" என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கல்விப் பணிப்பாளரின் ஆண்டு நிருவாக அறிக்கைகளும் வர்த்தமானிகளும் உண்டு. போகுமுன் எந்த ஆண்டு என்று ஒடுக்கிக்கொள்ளுங்கள். "எங்கட பள்ளிக்கூடத்தைப் பற்றி என்ன இருக்கு" என்று கேட்டால் அங்கே யாராலும் உதவ முடியாது. பழைய பத்திரிகைகளில் ஈழகேசரி (1930 முதல் 1958 வரை), வீரகேசரி (1930), தினகரன் (1932), ஈழநாடு (1959), கத்தோலிக்கச் செய்திகளுக்குச் சத்தியவேத பாதுகாவலன், சைவப் பாடசாலைச் செய்திகளுக்கு இந்து சாதனம் ஆகியவற்றைப் பாருங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்தவை 1981இல் எரிந்துபோனதால் தொடர் முழுதாக ஓரிடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். "நூலகம்" என்ற பெயருள்ள மின்னூலக இணையத்தளத்தில் பாடசாலை மலர்கள் நிறைய உண்டு. உங்கள் பாடசாலை மலர் இல்லாவிட்டாலும் அயல் பாடசாலையின் மலரைத் திறந்து பாருங்கள். ஒருவர் அங்கிருந்து மாறி உங்களிடம் வந்த திகதி அவர்களின் பட்டியலில் இருக்கும்.

மூத்தவர்களிடம் கேட்பது

"எந்த ஆண்டு ஐயா?" என்று கேட்கவே வேண்டாம். அவர் உங்களைத் திருப்திப்படுத்த ஏதோ ஓர் ஆண்டைச் சொல்வார், பிறகு அதையே உறுதியாகப் பிடித்துக்கொள்வார். ஆண்டைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள்.

"ஐயா, நீங்கள் அரிவரிக்குப் போகேக்க கூரை ஓலையோ ஓடோ?"

"ஓலை தம்பி. அந்தப் பெரிய வெள்ளத்துக்கு ஓலை எல்லாம் போட்டுது. பிறகுதான் ஓடு."

"வெள்ளம் வரேக்க எத்தினையாம் வகுப்பு?"

"மூண்டு. சிலேற்று வெள்ளத்தோட போனதுக்கு அப்புவிட்ட அடி வாங்கினது."

பெரிய வெள்ளம் 1957 மார்கழி. மூன்றாம் வகுப்பு என்றால், தொடக்க வகுப்பான அரிவரிக்குச் சேர்ந்த ஆண்டை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். ஓடு போட்டது 1957 மார்கழிக்குப் பிறகு என்பதும் கிடைத்துவிட்டது. இதுபோலப் பிடிக்கயிறாகச் சில நிகழ்ச்சிகளை எழுதிக் கொண்டுபோங்கள். 1958 கலவரம். 1964 மார்கழிப் புயல், மன்னார்க் கரையில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். 1970களின் முற்பகுதியில் மிளகாய், வெங்காயம் நல்ல விலைபோன காலம். 1977 கலவரத்துக்குப் பின் மலையகக் குடும்பங்கள் வந்து வகுப்பு இரண்டு மடங்கான ஆண்டு. 1983 ஆடிக் கலவரம். 1987இல் இந்திய இராணுவம். 1990 ஐப்பசியில் முஸ்லிம் பிள்ளைகளின் வாங்குகள் வெறுமையான நாள். 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துச் சனம் வந்து சேர்ந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தது. 2004 மார்கழி 26 ஆழிப்பேரலை. 2008 கார்த்திகையில் நிஷா புயல் வெள்ளம்.

வகுப்பின் பெயரும் பரீட்சையின் பெயரும் காலத்தைச் சொல்லும். "எஸ்.எஸ்.சி." என்பவர் ஒரு தலைமுறை, ஒன்பதாம் வகுப்போடு "என்.சி.ஜி.ஈ." எழுதினேன் என்பவர் 1970களின் நடுப்பகுதி, "தரம்" என்பவர் பிற்காலம்.

ஆண்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் காணி, கட்டடம், எம்.பி. யார் என்றுதான் சொல்வார்கள். எத்தனை பெண்பிள்ளைகள் எந்த வகுப்போடு நின்றார்கள், மதியம் என்ன சாப்பாடு, எந்த ரீச்சர் எந்த வீட்டில் தங்கியிருந்தார் என்பதெல்லாம் ஆச்சிமாருக்குத்தான் தெரியும். அவர்களிடம் சந்தியில் வைத்துக் கேட்கமுடியாது, வீட்டுக்குப் போகவேண்டும். கைபேசியில் பதிவதானால் முதலில் கேட்டுவிட்டுப் பதியுங்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருத்தவேண்டாம். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பழைய மாணவர்களில் பலர் புத்தளத்தில் இருக்கிறார்கள். அங்கே ஒருநாள் பஸ் ஏறிப் போகாமல் முல்லைத்தீவிலோ மன்னாரிலோ கலவன் பாடசாலை வரலாறு எழுதினால் அது அரைவாசி வரலாறு.

இடம்பெயர்ந்த ஆண்டுகள்

"1996 முதல் பாடசாலை இயங்கவில்லை" என்று எழுதிய மலர்கள் பல. பெரும்பாலும் அது தவறு. கட்டடம்தான் இயங்கவில்லை. கிளிநொச்சிப் பாடசாலைகள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கங்களில் மரத்தடியிலும், வேறு பாடசாலைகளில் பின்னேர நேரப் பாடசாலையாகவும் நடந்தன. 2008இல் மேற்கிலிருந்து கிழக்காக, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று நகர்ந்தன. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்குள்ளே வகுப்பு நடந்தது, உயர்தரப் பரீட்சையும் எழுதினார்கள். இவை எல்லாம் அந்தப் பாடசாலையின் வரலாறுதான்.

இதற்கு ஒரு நீளமான தாளில் இட அட்டவணை போடுங்கள். இடதுபுறம் மாதம், நடுவில் இடம், வலதுபுறம் அங்கே யார் அதிபராகவும் ஆசிரியராகவும் இருந்தார்கள், ஏறக்குறைய எத்தனை பிள்ளைகள், கூரை என்ன, யாருடைய காணி. அதிபரின் ஞாபகத்தை மட்டும் நம்பாமல், அந்தக் காலத்து விடுகைப் பத்திரங்களை அதே தாளின்மேல் வைத்துப் பாருங்கள். பத்திரத்தில் பழைய ஊரின் முத்திரையும் கையால் எழுதிய "தற்போது இயங்கும் இடம்" என்ற குறிப்பும் சேர்ந்திருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒரே பாடசாலை இரண்டாகப் பிரிந்து இரண்டு இடத்தில் நடந்ததும் உண்டு. அப்போது இரண்டு அதிபர் பெயர் வரும். ஒன்றை வெட்டிவிடாதீர்கள்.

இறந்த, காணாமல்போன பிள்ளைகளின், ஆசிரியர்களின் பெயர்ப்பட்டியல் போடுவதானால் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்ட பிறகே. பெயர் வரலாமா, படம் வரலாமா, எப்படி என்ற விவரம் வரலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். காணாமல்போனவரை இறந்தவர் பட்டியலில் சேர்த்துவிடுவது மன்னிக்கமுடியாத பிழை. தாய் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்.

கட்டடங்கள்

கட்டட வரலாறு சுருக்கமாகப் போதும். பாடசாலைக் கட்டடங்கள் 100 x 20, 80 x 20 அடி என்ற மாதிரி அளவுகளில் வரும். நாடா பிடித்து அளந்து, வளவின் வரைபடம் ஒன்று கீறி, எது எப்போது, யார் பணத்தில் என்று இலக்கமிடுங்கள். திறப்புவிழாக் கல்வெட்டுகளைப் படம் எடுங்கள். இப்போது இல்லாத கட்டடங்களின் அத்திவாரத்தையும், கிணற்றையும், பெரிய மரங்களையும் அதே படத்தில் குறியுங்கள். பழைய மாணவர் ஒருவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்தால் எழுத்தில் சொல்லாததை விரலால் காட்டுவார்.

படம் எடுத்தலும் காப்பாற்றலும்

ஸ்கான் செய்ய வசதி இருந்தால் தாளுக்கு 300 முதல் 400 டி.பி.ஐ., புகைப்படத்துக்கு 600. இல்லாவிட்டால் கைபேசி போதும். காலை வெளிச்சத்தில் யன்னலோரம் மேசை போட்டு, பிளாஷ் நிறுத்தி, நேர் மேலிருந்து எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டம் வையுங்கள், அளவு தெரியும். மட்டையையும், வெறும் பக்கத்தையும், பின்பக்கத்தையும் எடுங்கள். பழைய குழுப்படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் பெயர் எழுதியிருப்பார்கள்.

கனடாவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள் வட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி வரும், அச்சில் முகம் கலங்கும். "டொக்கியுமென்டாக அனுப்புங்கோ" என்று சொல்லுங்கள். மலரில் பாதிப் படங்கள் கெட்டுப்போவது இந்த ஒரு காரணத்தால்தான்.

கறையான் அரித்த இடாப்பை ஈரத்துணியால் துடைக்கக்கூடாது, வெயிலில் போடக்கூடாது. நிழலில் காற்றோட்டமாக விரித்து, காய்ந்த மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டுங்கள். செலோடேப் ஒட்டவேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகி மையையும் கூட்டிக்கொண்டு உரியும். லமினேற் செய்வது அதைவிட மோசம். திரும்பப் பிரிக்கமுடியாது.

தட்டச்சு யுனிகோட்டில் செய்யுங்கள். அச்சகம் பாமினி எழுத்துருதான் கேட்கும். மாற்றிக் கொடுங்கள், ஆனால் மூலக்கோவை யுனிகோட்டில் இருக்கட்டும். பாமினியில் மட்டும் கிடந்த பழைய மலர்க் கோவைகளை இன்று திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், அதில் ஒரு பெயரைத் தேடக்கூட முடியாது. எழுத்துரு மாற்றிய பிறகு பெயர்களை மட்டுமாவது அசலோடு வைத்து ஒருமுறை வாசியுங்கள். "ஸ்ரீ", "க்ஷ" வரும் இடங்களும் தலைப்பெழுத்துகளும்தான் முதலில் உடையும்.

பிரதிகள் மூன்று இடத்தில் இருக்கட்டும்: பாடசாலைக் கணினி, வன்னிக்கு வெளியே ஒருவரிடம் வன்தட்டு ஒன்று, இணையச் சேமிப்பு ஒன்று. மூன்றும் ஒரே அலுவலகத்து மேசைக்குள் கிடந்தால் அது ஒரு பிரதிதான்.

அச்சுக்குப் போகும் முன் அதிபர் பட்டியலையும் குழுப்படப் பெயர்களையும் ஏ3 தாளில் அடித்துப் பாடசாலை வாசலிலும், ஊர்க் கடையிலும், கோயில் மண்டபத்திலும் இரண்டு கிழமை ஒட்டிவையுங்கள். பக்கத்தில் நூலில் கட்டிய பேனை ஒன்று தொங்கட்டும். ஆட்கள் வெட்டி எழுதுவார்கள், சிலர் சண்டைக்கும் வருவார்கள். இரண்டு கிழமை முடிந்ததும் அந்தத் தாள்களைக் கழற்றி, வெட்டியது, எழுதியது எல்லாவற்றோடும் படம் எடுத்துக் கோவையில் போடுங்கள்.